ஜூன்டீன்த்: டெக்சாஸுக்குக் குடிவந்த தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஜூன் 19 எதற்கு விடுமுறை? எதிர்வீட்டார் அழைத்தால் போகலாமா? அங்கே நாம் சாப்பிட ஏதாவது இருக்குமா? கேட்டவற்றோடு, கேட்கத் தயங்கியதாகத் தோன்றிய சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். வரலாறு சற்று நீளம். சாப்பாட்டுக்காக மட்டும் வருபவர்கள் நேராகக் கீழே இறங்கிவிடலாம்.

ஜூன்டீன்த் என்பது என்ன பண்டிகை?

1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுக நகரில், உள்நாட்டுப் போரில் வென்ற ஒன்றியப் படையின் (வடமாநிலங்களின் பக்கம் நின்ற அமெரிக்க அரசுப் படை) மேஜர் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் அந்த மாநிலத்து அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்று ஆணை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலிருந்தே டெக்சாஸின் கறுப்பின மக்கள் அந்த நாளைக் கொண்டாடி வருகிறார்கள். ஜூன், நைன்டீன்த் என்ற இரண்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டு பெயராகிவிட்டன. ஜூபிலி நாள், விடுதலை நாள் என்றும் சொல்வார்கள். இது சமய விழா அல்ல. ஆனாலும் தேவாலயத்தை விட்டுவிட்டு இதை நடத்தியவர்களும் இல்லை.

லிங்கன் 1863இலேயே அடிமைகளை விடுவித்துவிட்டார் என்றுதானே படித்தோம்? பிறகு 1865 எங்கிருந்து வந்தது?

பாடப்புத்தகம் சுருக்கியதால் வந்த குழப்பம் இது. ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது உண்மைதான். ஆனால் ஒன்றியத்தை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த தென்மாநிலப் பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. ஒன்றியத்தின் பக்கம் நின்ற டெலவேர், கென்டக்கி, மேரிலேண்ட், மிசௌரி மாநிலங்களின் அடிமைகளை அது தொடவே இல்லை. லிங்கனின் அதிகாரம் செல்லும் இடங்களில் பெரும்பாலும் பிரகடனம் செல்லாது. பிரகடனம் செல்லும் இடங்களில் பெரும்பாலும் லிங்கனின் அதிகாரம் செல்லாது. ஒன்றியப் படை போய் நின்ற இடத்தில் அது உயிர்பெற்றது. படை போகாத இடத்தில் ஏட்டுச் சுரைக்காய்தான்.

டெக்சாஸோ போர்முனைகளிலிருந்து வெகு தொலைவில், மேற்கு ஓரத்தில் கிடந்தது. அதன் உட்பகுதிக்குள் ஒன்றியப் படை நுழையவே இல்லை. லூசியானா, மிசிசிப்பிப் பக்கம் படை நெருங்க நெருங்க, அங்கிருந்த தோட்ட உரிமையாளர்கள் பலர் தங்கள் அடிமைகளை நடத்தியே டெக்சாஸுக்கு ஓட்டிவந்தார்கள். நகையைப் பதுக்குவதுபோல மனிதர்களைப் பதுக்கினார்கள். போர் முடியும் தறுவாயில் அங்கே சுமார் 2,50,000 பேர் அடிமைகளாக இருந்தார்கள். தென்படைத் தளபதி ராபர்ட் லீ வர்ஜீனியாவில் சரணடைந்தது 1865 ஏப்ரல் 9. டெக்சாஸ் பகுதியிலிருந்த படை சரணடைந்ததோ ஜூன் 2. கிரேஞ்சர் சுமார் 2,000 வீரர்களோடு கால்வெஸ்டனுக்கு வந்துசேர மேலும் இரண்டு வாரங்களுக்கு மேல் பிடித்தது.

இரண்டரை ஆண்டுகள் அவர்களுக்குச் செய்தியே தெரியாமலா இருந்தது?

அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. செய்தி கொண்டுவந்தவர் வழியில் கொல்லப்பட்டார், கோவேறு கழுதையில் வந்ததால் தாமதமானது, பருத்தி அறுவடை முடியட்டும் என்று மறைத்துவிட்டார்கள் எனச் செவிவழிக் கதைகள் பல உண்டு. பருத்திக் கதையில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது: ஆணை வந்த பிறகும் அறுவடை முடியும்வரை வாய் திறக்காத உரிமையாளர்கள் இருந்தார்கள். மற்றபடி, எஜமானர் வீட்டில் உணவு பரிமாறியவர்களுக்கும், வண்டி ஓட்டியவர்களுக்கும், துறைமுகத்தில் பருத்திப் பொதி சுமந்தவர்களுக்கும் காது நன்றாகவே கேட்டது.

சான் அன்டோனியோ பக்கத்தில் அடிமையாகப் பிறந்த ஃபீலிக்ஸ் ஹேவுட் என்பவரின் வாக்குமூலம் இருக்கிறது. 1930களில் முன்னாள் அடிமைகளின் நினைவுகளை ஓர் அரசுத் திட்டத்தின்கீழ் பதிவு செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 92. வடக்கே ஓட வேண்டிய தேவையே தங்களுக்கு இல்லை, தெற்கே நடந்தால் போதும், ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டியதும் விடுதலை என்கிறார். மெக்சிகோ 1829இலேயே அடிமைமுறையை ஒழித்திருந்தது. விடுதலை எந்தத் திசையில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தவரின் பேச்சு இது. டெக்சாஸுக்கு வராமல் இருந்தது, அந்தச் சட்டத்தைத் துப்பாக்கியோடு நின்று நிலைநாட்ட ஒரு படை.

அதே ஹேவுட், அந்த நாளின் களிப்பைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்கிறார்: விடுதலையால் மனிதர்கள் தலைநிமிர முடிந்தது, ஆனால் அது யாரையும் பணக்காரர் ஆக்கிவிடவில்லை என்று. 

அந்த ஆணையில் அப்படி என்னதான் எழுதியிருந்தது?

பொது ஆணை எண் 3. மொத்தமே நான்கு வாக்கியங்கள்.

அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்று டெக்சாஸ் மக்களுக்குத் தெரிவிக்கிறது முதல் வாக்கியம். முன்னாள் எஜமானர்களுக்கும் முன்னாள் அடிமைகளுக்கும் இடையே தனிமனித உரிமையிலும் சொத்துரிமையிலும் முழுமையான சமத்துவம் உண்டு, இனி இருப்பது முதலாளிக்கும் கூலியாளுக்கும் உள்ள உறவு மட்டுமே என்கிறது இரண்டாவது. இதோடு நிறுத்தியிருந்தால் பொன்னெழுத்தில் பொறிக்கலாம். மூன்றாவது வாக்கியம், விடுதலை பெற்றவர்கள் இப்போதிருக்கும் வீடுகளிலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுமாறு அறிவுரை சொல்கிறது. ராணுவ முகாம்களில் வந்து கூடக் கூடாது, அங்கும் சரி வேறெங்கும் சரி, சும்மா இருப்பவர்களுக்கு ஆதரவு கிடையாது என்று எச்சரிக்கிறது நான்காவது.

தலைமுறை தலைமுறையாகச் சம்பளமே இல்லாமல் உழைத்தவர்களைப் பார்த்து 'சும்மா இருக்காதே' என்றது அந்த ஆணை! விழாக்களில் இதை முழுவதும் வாசிப்பார்கள், கடைசி வாக்கியத்தை விழுங்குவதில்லை. அந்த இடம் வரும்போது முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதைக் கவனியுங்கள்.

பலர் அந்த வீடுகளில் அமைதியாக இருக்கவும் இல்லை. பிரித்து விற்கப்பட்ட தாயை, மனைவியை, பிள்ளையைத் தேடி நடையாக நடந்தார்கள். உறவினர்களைத் தேடும் விளம்பரங்கள் கறுப்பினப் பத்திரிகைகளில் 1900களின் தொடக்கம்வரை வந்துகொண்டே இருந்தன.

அன்றோடு அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்துவிட்டதா?

இல்லை. டெலவேரிலும் கென்டக்கியிலும் அது சட்டப்படியே நீடித்தது. 1865 டிசம்பர் 6 அன்று அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. அந்தத் திருத்தத்திலும் ஒரு விலக்கு இருந்தது: குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம். தென்மாநிலங்கள் அந்த இடுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வேலையின்றித் திரிந்தார் என்பது போன்ற அற்பக் காரணங்களுக்காகக் கறுப்பினத்தவரைச் சிறையில் தள்ளி, கைதிகளைத் தோட்ட முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

இது எங்கோ நடந்த கதையும் அல்ல. நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் சுகர் லேண்டில், 2018இல் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கு மண் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. அத்தனை பேரும் வாடகைக்கு விடப்பட்ட கைதிகள், கரும்புத் தோட்டத்து உழைப்பில் மாண்டவர்கள். 'சுகர் லேண்ட் 95' என்று அவர்களைக் குறிப்பிடுகிறார்கள்.

கொண்டாட்டம் எப்படித் தொடங்கியது?

1866 ஜூன் 19 முதல். தொழுகை, விடுதலைப் பிரகடன வாசிப்பு, முதியவர்களின் நினைவுரை, ஊர்வலம், பிறகு விருந்து என்று இன்றும் தொடரும் வரிசை அப்போதே அமைந்துவிட்டது. குதிரைப் பந்தயமும் பேஸ்பாலும் சேர்ந்துகொண்டன. புத்தாடைக்குத் தனி இடம் உண்டு. அடிமைகள் இன்னின்ன துணியைத்தான் உடுத்தலாம் என்று சட்டம் போட்டிருந்த ஊர்கள் இருந்தன. பழைய கந்தலைக் கழற்றி ஆற்றில் வீசிவிட்டுப் புதிது உடுத்தினார்கள் என்று குடும்பங்களில் கதை சொல்வார்கள்.

ஆனால் கூடுவதற்கு இடம்? பொது இடங்களில் அவர்களை விடவில்லை. ஆற்றங்கரைகளிலும் தேவாலய வளாகங்களிலும் கூடினார்கள். பிறகு, என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே பெரிய காரியம் என்று சொல்வேன், சொந்தமாக நிலம் வாங்கினார்கள். 1872இல் ஹூஸ்டனின் கறுப்பினத் தேவாலயத்தார் 800 டாலர் திரட்டி 10 ஏக்கர் வாங்கினார்கள். ஜூன்டீன்த் கொண்டாடுவதற்கென்றே வாங்கிய நிலம். அதுதான் இன்று தேர்ட் வார்டு பகுதியில் இருக்கும் எமான்சிபேஷன் பார்க், அதாவது விடுதலைப் பூங்கா. அடிமைத்தளை நீங்கி ஏழே ஆண்டுகள் ஆன, கூலி வேலையும் துணி வெளுப்பதுமாகப் பிழைத்த மக்களுக்கு 800 டாலர் எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் திறந்து பராமரிக்கக் கையில் காசு இல்லை. அதற்காக விற்றுவிடவும் இல்லை.

அந்த முயற்சியின் முன்னணியில் நின்றவர் ஜாக் யேட்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். போர்க்காலத்தில் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அவர்களின் உரிமையாளர் டெக்சாஸுக்குக் கொண்டுபோனபோது, தான் விடுதலை பெற்றிருந்தும், குடும்பத்தைப் பிரிய மனமின்றி மறுபடி அடிமையாகவே உடன் வந்தவர். அவர் வாழ்ந்த வீடு இன்று ஹூஸ்டன் நகர மையத்தில் சாம் ஹூஸ்டன் பூங்காவில் பாதுகாக்கப்படுகிறது.

பூங்கா பின்னர் நகராட்சி வசம் போனது. 1920களிலும் 30களிலும் ஹூஸ்டனில் கறுப்பினத்தவர் நுழைய முடிந்த ஒரே பொதுப் பூங்கா அதுவாகவே இருந்தது.

இவ்வளவு பழைய விழா என்றால், நாங்கள் ஏன் 2020வரை கேள்விப்படவே இல்லை?

டெக்சாஸ் கறுப்பினக் குடும்பங்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், புன்னகைப்பார்கள். அவர்கள் நிறுத்தவே இல்லை, மற்றவர்கள் கவனிக்கவில்லை. 1936இல் டெக்சாஸ் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தபோது, ஜூன் 19 அன்று மட்டும் டல்லாஸ் கண்காட்சித் திடலில் லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் திரண்டார்கள்.

ஆனாலும் ஒரு தொய்வு இருந்தது உண்மை. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்தார்கள். தொழிற்சாலையில் ஜூன் 19க்கு யார் விடுமுறை தருவார்கள்? விழா சில ஊர்களில் சனிக்கிழமைக்கு மாறியது, சில வீடுகளில் கொல்லைப்புற விருந்தாகச் சுருங்கியது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல், அவர் திட்டமிட்டிருந்த ஏழை மக்கள் இயக்கத்தினர் வாஷிங்டனில் பெரும் பேரணி நடத்தத் தேர்ந்தெடுத்த நாள் ஜூன் 19. வந்தவர்கள் இந்த நாளையும் தங்கள் ஊர்களுக்கு எடுத்துப் போனார்கள். மில்வாக்கியில் 1971 முதல், பஃபலோவில் 1976 முதல் பெரிய அளவில் நடக்கிறது. ஹூஸ்டனைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் அல் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த மசோதா 1979இல் நிறைவேற, 1980 முதல் டெக்சாஸ் மாநில விடுமுறையானது.

மெக்சிகோவிலும் ஓர் ஊர் உண்டு. கோவாவிலா மாநிலத்தில் நசிமியென்டோ என்ற கிராமத்தில், அடிமைத்தனத்திலிருந்து தப்பிப் போனவர்களின் வழிவந்த மஸ்கோகோ மக்கள் ஜூன் 19ஐக் கொண்டாடுகிறார்கள்.

தேசிய விடுமுறை ஆனது யாரால்?

ஜோ பைடன் கையெழுத்திட்டது 2021 ஜூன் 17. மார்ட்டின் லூதர் கிங் நாளுக்குச் சட்டம் இயற்றிய 1983க்குப் பிறகு சேர்ந்த முதல் கூட்டாட்சி விடுமுறை. இது தகவல். விடை வேறு: ஓபல் லீ.

ஃபோர்ட் வொர்த் நகரத்து ஓய்வுபெற்ற ஆசிரியை. 2016இல், தமது 89ஆவது வயதில், காலில் டென்னிஸ் ஷூ மாட்டிக்கொண்டு வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், விடுதலை தாமதமான இரண்டரை ஆண்டுகளைக் குறிக்க இரண்டரை மைல் நடந்தார். ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்கு 1939க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று, வெள்ளையர்கள் வசித்த பகுதியில் அவர் பெற்றோர் புதிதாகக் குடியேறிய வீட்டை ஒரு கும்பல் சூறையாடியது. அப்போது அவருக்கு 12 வயது. பல பத்தாண்டுகள் கழித்து அந்த மனையைத் தேடிப் போனபோது, அது ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஒரு தொண்டு அமைப்பின் கையில் இருந்தது. 10 டாலருக்கு அவருக்கே எழுதிக்கொடுத்து, அதே மனையில் வீடும் கட்டித்தந்தார்கள். 2024இல் அங்கே குடிபுகுந்தார். அதே ஆண்டு அதிபரின் சுதந்திரப் பதக்கமும் கிடைத்தது.

எனக்கு அன்று விடுமுறை உண்டா?

கூட்டாட்சி அலுவலகங்கள், தபால் நிலையம், பங்குச் சந்தை ஆகியவை மூடியிருக்கும். வங்கிகளும் பெரும்பாலும் இயங்காது. தனியார் நிறுவனம் என்றால் அதன் விருப்பம்.

ஹூஸ்டன் பக்கம் எங்கே போய்ப் பார்க்கலாம்?

முதல் முறை என்றால் கால்வெஸ்டன். ஸ்ட்ராண்ட் தெருவும் 22ஆம் தெருவும் சந்திக்கும் மூலைக்குப் போங்கள். கிரேஞ்சரின் தலைமையகம் இருந்த ஆஸ்டர்மன் கட்டடம் அங்கேதான் இருந்தது. கட்டடம் இன்றில்லை, வாகன நிறுத்துமிடமும் ஒரு வரலாற்றுப் பலகையும்தான் இருக்கின்றன. எதிரே நிமிர்ந்து பார்த்தால் 5,000 சதுர அடிச் சுவரோவியம். 2021இல் ரெஜினால்ட் ஆடம்ஸ் தலைமையில் தீட்டியது. 'முழுமையான சமத்துவம்' என்ற ஆணையின் சொற்களையே தலைப்பாக வைத்திருக்கிறார்கள்.

ஆஷ்டன் வில்லா என்ற பழைய மாளிகையின் மாடத்தில் நின்று கிரேஞ்சர் ஆணையை வாசித்தார் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் வாசிப்பு அங்கே நடக்கிறது, போகலாம். மாலையில் பழைய நீதிமன்றத்தின் பக்கத்திலிருந்து ரீடி சேப்பல் தேவாலயம்வரை ஊர்வலம் நடக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். மேடை இல்லை, ஒலிபெருக்கி விளம்பரம் இல்லை. பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் பாடிக்கொண்டே நடப்பார்கள்.

ஹூஸ்டனிலேயே இருப்பவர்களுக்கு எமான்சிபேஷன் பார்க். 2017இல் பெரும் செலவில் புதுப்பித்துத் திறந்தார்கள். பூங்காவை ஒட்டிய சாலைக்குத் தென்படை வீரர் ஒருவரின் பெயர் இருந்தது; அதையும் அதே ஆண்டு எமான்சிபேஷன் அவென்யூ என்று மாற்றினார்கள். ப்ளூஸ், காஸ்பல், ஜைடிகோ இசை எல்லாம் கேட்கலாம். குதிரைகளில் கறுப்பினக் கௌபாய்கள் அணிவகுத்து வருவதைப் பார்த்துக் குழந்தைகள் வாய் பிளப்பார்கள். டெக்சாஸில் மாடு மேய்த்தவர்களில் கறுப்பினத்தவர் கணிசம் என்பதைச் சினிமாக்காரர்கள் நெடுங்காலம் மறந்துவிட்டார்கள்.

எல்லாரும் சிவப்பாகவே எதையோ குடிக்கிறார்களே, ஏன்?

சிவப்புப் பானம் இல்லாமல் ஜூன்டீன்த் மேசை நிறையாது. ஸ்ட்ராபெரி சோடா, சிவப்பு எலுமிச்சைச் சாறு, செம்பருத்திப் பானம், எதுவானாலும் நிறம் சிவப்பு. டெக்சாஸில் பிக் ரெட் என்ற சோடாவுக்குத் தனி மவுசு. 1937இல் வேக்கோ நகரில் உருவானது. நாக்கு இரண்டு மணி நேரம் சிவந்தே இருக்கும்.

சிந்திய ரத்தத்தின் நினைவு என்பார்கள் சிலர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் யொரூபா, கொங்கோ மக்களிடம் சிவப்புக்கு இருந்த ஆற்றலும் புனிதமும் கடல் தாண்டி வந்தன என்பார்கள் உணவு வரலாற்றாளர்கள். எனக்கு நம்பும்படியாக இருப்பது இன்னும் எளிய வழி. செனகலில் பிஸ்ஸாப், நைஜீரியாவில் ஸோபோ, ஜமைக்காவில் இஞ்சி தட்டிப்போட்ட சாரெல் என்று ஒரே செடியின் சிவந்த புல்லிவட்டத்தை ஊறவைத்து இறக்கிய பானங்கள் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இருக்கின்றன. விருந்தாளி வந்தால் கொடுப்பது, விழாவில் குடிப்பது. கையில் அந்தச் செடி கிடைக்காத இடத்தில் நிறத்தையாவது காப்பாற்றினார்கள், கடைசியில் சோடாக் கம்பெனி வந்தது.

அந்தச் செடி நமக்கு அந்நியமல்ல. ஆந்திராக்காரர்கள் கோங்குரா என்று இலையை ஊறுகாய் போடுகிறார்களே, நம் சிவப்புப் புளிச்சக்கீரை, அதுதான். நாம் இலையைத் தின்றுவிட்டு விட்டதை அவர்கள் குடிக்கிறார்கள்.

பார்பிக்யூ என்றால் கரியில் சுடுவதுதானே? அதில் என்ன வரலாறு?

கொல்லையில் அரை மணி நேரத்தில் கோழிக்கால் சுடுவது வேறு. இது இரவு முழுவதும் விழித்திருந்து செய்யும் வேலை. தரையில் நீளமாகக் குழி வெட்டி, கெட்டி மரத்தைப் பக்கத்தில் தனியாக எரித்து, தணல் விழ விழ மண்வெட்டியால் அள்ளிக் குழியில் பரப்புவார்கள். மேலே கம்புகளில் முழுப் பன்றியோ கன்றோ ஆடோ கிடக்கும். தீ நாக்கு இறைச்சியைத் தொடக் கூடாது. சூடும் புகையும் மட்டும்தான். நீண்ட குச்சியில் துணியைக் கட்டி, காடியும் மிளகாயும் கலந்த சாற்றை விடியும்வரை தடவிக்கொண்டே இருக்க வேண்டும். தெற்கில் தோட்ட முதலாளிகளின் பெருவிருந்துகளுக்கு இந்த உழைப்பெல்லாம் அடிமைகளுடையது. தெற்குக் கரோலைனாவில் அடிமையாக இருந்த வெஸ்லி ஜோன்ஸ் என்பவர், முன்சொன்ன அதே 1930களின் பதிவில், தான் இரவெல்லாம் விழித்துத் தடவிய சாற்றின் கூட்டைச் சொல்லியிருக்கிறார்: காடி, மிளகு, சிவப்பு மிளகாய், உப்பு, வெண்ணெய், கொஞ்சம் சேஜ் இலை, மல்லி, துளசிக் குடும்பத்து பேசில், வெங்காயம், பூண்டு. சேஜ் இலையை எடுத்துவிட்டால் நம் அடுப்படிச் சாமான்கள்.

விடுதலைக்குப் பிறகு அதே கைகள் தங்கள் சொந்த விருந்துக்குக் குழி வெட்டின. இறைச்சி முழுவதும் அவர்களுக்கே. அடிமைக் காலத்தில் ஒருவருக்கு வாரப்படி என்று அளந்தது மக்காச்சோள மாவும் மூன்று நான்கு பவுண்டு உப்புப் பன்றிக்கறியும்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய மேசையைப் பாருங்கள்: பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு மார்புக்கறி, விலா எலும்பு, சிவந்த காரமான மாட்டிறைச்சி சாசேஜ்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை. ஆனால் பச்சையாகத் தெரிவதையெல்லாம் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். காலர்ட் கீரையை மணிக்கணக்கில் வேகவைப்பார்கள்; அடியில் புகையூட்டிய பன்றிக் காலோ வான்கோழிக் கழுத்தோ கிடக்கும். தட்டைப்பயற்றுக்கும் அதே கதை. மக்காச்சோள ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கின்மேல் உருகிக் கிடக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சமைத்தவர் ஒவ்வொன்றாக விளக்கி, கடைசியில் உங்களுக்கென்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்.

காடி ஊற்றிய தட்டைப்பயறு சாலட், சுட்ட மக்காச்சோளம், வறுத்த வெண்டைக்காய், முட்டை சேர்ப்பீர்கள் என்றால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை, பீச் காப்ளர் இவற்றில் வயிறு நிறைந்துவிடும். மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய் என்றால் எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த மேசையில் நமக்குப் பழக்கமானவை இவ்வளவு இருப்பது தற்செயல் இல்லை. தட்டைப்பயறும் தர்பூசணியும் ஆப்பிரிக்காவில் பயிராகத் தொடங்கியவை. நம் கம்பு, சோளம், கேழ்வரகும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து வந்தவைதான்.

தர்பூசணி வாங்கிக்கொண்டு போகலாமா? ஏதோ சிக்கல் என்கிறார்களே?

நல்ல கேள்வி, கேட்காமல் விட்டால்தான் சங்கடம். விடுதலைக்குப் பிறகு கறுப்பின விவசாயிகள் தர்பூசணியைத் தாங்களே பயிரிட்டு, விற்று, காசு பார்த்தார்கள். விடுதலை விருந்துகளில் பழமும் அதுவே. அது பொறுக்காத வெள்ளையர்கள் அஞ்சலட்டையிலும் கேலிச்சித்திரத்திலும் நாடக மேடையிலும் தர்பூசணி தின்னும் கறுப்பினத்தவர் என்று இழிவான உருவத்தைப் பல பத்தாண்டுகள் பரப்பினார்கள். அதனால் ஒரே பழம் இரண்டு பொருள் தருகிறது. அவர்கள் விருந்தில் அவர்கள் வெட்டிவைத்தால் அது கொண்டாட்டம். 2022இல் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தின் உணவகம் ஜூன்டீன்த் தர்பூசணி சாலட் என்று பெட்டியில் அடைத்து விற்றது, ஊரே கொதித்தது. அதே ஆண்டு ஒரு பெரிய கடைச் சங்கிலி ஜூன்டீன்த் ஐஸ்கிரீம் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. முதல் முறை போகும் விருந்துக்கு நீங்கள் அதைச் சுமந்து போக வேண்டாம். அங்கே இருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

அப்படியென்றால் என்ன கொண்டுபோவது?

ஐஸ் மூட்டை. ஜூன் மாத ஹூஸ்டனில் ஐஸ் கொண்டுவருபவரைவிட வேண்டப்பட்டவர் யாரும் இல்லை. சிவப்பு சோடா, காகிதத் தட்டு, தண்ணீர்ப் பாட்டில்களும் நல்லவை. சமைத்துத்தான் கொண்டுபோவேன் என்றால் எலுமிச்சைச் சாதமோ வெண்டைக்காய் வறுவலோ செய்யுங்கள்.

உருளைக்கிழங்கு சாலட் மட்டும் வேண்டாம். கறுப்பினக் குடும்பங்களில் அதைச் செய்யும் உரிமை ஓர் அத்தைக்கோ பாட்டிக்கோ பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும். வேறொருவர் கிண்ணத்தைக் கண்டால் முதல் கேள்வி 'இதைச் செய்தது யார்' என்பதுதான். சொந்த மருமகளே பல ஆண்டு காத்திருக்க வேண்டிய இடத்தில் நாம் எதற்கு?

நாம் போவது பொருத்தமா? வாழ்த்து சொல்லலாமா?

அழைத்தால் போங்கள். பொதுப் பூங்காவில் நடப்பதற்கு அழைப்பே தேவையில்லை. 'ஹேப்பி ஜூன்டீன்த்' என்று சொல்லலாம். ஆணையை வாசிக்கும்போதும், கறுப்பினத் தேசிய கீதம் என்று போற்றப்படும் பாடலை எழுந்து நின்று பாடும்போதும் நீங்களும் எழுந்து நில்லுங்கள், கைபேசியை உள்ளே வையுங்கள். அவர்களின் தலைமுடியைப் பற்றிய வியப்புகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கறுப்பினத்தவரைப் பற்றித் தமிழில் தாழ்வாக ஏதாவது சொல்லிவிட்டு, யாருக்குப் புரியப்போகிறது என்று நினைப்பதுண்டு. தொனி எல்லா மொழியிலும் புரியும்.

நமக்கும் இந்த வரலாற்றுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

உண்டு. ஆசியர்களை ஏறக்குறைய தடுத்தே வைத்திருந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் நிறைவேறியது. அந்தப் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டத்தை எண்ணிப் பார்ப்பது கடினம். நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

இன்னொரு தொடர்பு எதிர்த்திசையில் போகிறது. 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தார். சென்னை, காந்திகிராமம், கன்னியாகுமரி எல்லாம் அந்தப் பயணத்தில் உண்டு. திருவனந்தபுரத்தில், தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் தன்னை அறிமுகப்படுத்தியதாக 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங் சொன்னார். முதலில் அதிர்ச்சியாக இருந்ததாம். பிறகு தன் நாட்டு நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று ஒப்புக்கொண்டாராம். ஜூன்டீன்த் விருந்தில் யாராவது உங்கள் ஊரில் சாதி எப்படி என்று கேட்டால், அதெல்லாம் அந்தக் காலம் என்று மழுப்பாமல் பதில் சொல்லத் தயாராகப் போங்கள். கேட்பார்கள்.

பிப்ரவரியில் வரும் கறுப்பின வரலாற்று மாதம், டிசம்பர் குவான்ஸா, இவையெல்லாம் இதேதானா?

வேறு வேறு. வரலாற்று மாதத்தின் வேர், கார்ட்டர் உட்சன் 1926இல் தொடங்கிய ஒரு வாரக் கடைப்பிடிப்பு. 1976 முதல் மாதமாக விரிந்தது. அது பள்ளியும் நூலகமும் சார்ந்தது. குவான்ஸா, மௌலானா கரேங்கா 1966இல் உருவாக்கிய ஏழு நாள் விழா. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. விடுதலை நாள்களும் ஊருக்கு ஊர் மாறும். வாஷிங்டன் நகரில் ஏப்ரல் 16, ஃபுளோரிடாவில் மே 20, ஜமைக்காவில் ஆகஸ்ட் 1. எந்த ஊரில் விடுதலை எப்போது நடைமுறைக்கு வந்ததோ அந்த நாள்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

காலை ஊர்வலம் பார்க்க வேண்டுமானால் எட்டரைக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள், பிறகு தெருக்களை அடைத்துவிடுவார்கள். மடக்கு நாற்காலி, தொப்பி, சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும். சிறு கடைகள் சில அட்டை வாங்குவதில்லை. வெயிலில் பிள்ளைகளை நீண்ட நேரம் நிற்கவைக்காதீர்கள். பிரிஸ்கெட் வேண்டுமென்றால் ஒரு மணிக்கு முன் வரிசையில் சேருங்கள். இரண்டு மணிக்குப் போனால் சாசேஜ்தான் மிஞ்சும், மூன்று மணிக்கு அதுவும் இருக்காது.